கிணற்று மண்ணும் அனல்மின் சாம்பலும்: சிமெண்ட் குறைந்த மண்கலவையை வடிவமைக்கும் வழி

கேள்வி இது: கடலூர் மாவட்டத்தில் கிணறு வெட்டியபோது வந்த செம்மண் குவியலாகக் கிடக்கிறது. அதில் 8 சதவீத சிமெண்ட் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி மண்கல் எடுக்கிறார்கள். நெய்வேலிப் பக்கம் சாம்பல் கிடைக்கிறது, ஜிஜிபிஎஸ் என்ற ஊதுலைக் கசடுத் தூள் மூட்டையும் வாங்க முடிகிறது. சிமெண்டில் பாதியை எடுத்துவிட்டு அதே எடைக்குச் சாம்பலைப் போட்டால் போதுமா, கலவையை எப்படிக் கணக்கிடுவது, கல்லுக்கு எவ்வளவு வலிமை தேவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படிப் போட்டால் போதாது. பாதியை எடுத்துவிட்டு அதே எடைக்குச் சாம்பல் போட்ட கல், முதல் வாரத்தில் நல்ல கல்லைப் போலவே தோன்றும். அதன் குறை முதல் மழையில்தான் தெரியும். ஆனால் உங்கள் எண்ணம் சரியானது. சிமெண்டைப் பாதிக்கும் கீழே கொண்டுவர முடியும், சில மண்ணில் முழுவதுமாகவே நீக்கவும் முடியும். அதற்கு இந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் எதைக் கேட்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிமெண்டுக்குத் தண்ணீர் மட்டும் இருந்தால் போதும், தானே இறுகும். அனல்மின் நிலையச் சாம்பல் அப்படிப்பட்டதல்ல. அதில் இருக்கும் கண்ணாடி போன்ற சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்தால்தான் பிசினாக மாறும். சிமெண்ட் இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பை வெளிவிடுகிறது. சாதாரண கான்கிரீட்டில் சாம்பல் அதை வைத்துப் பிழைத்துக்கொள்கிறது. மண்கலவையில் நிலைமை வேறு. அங்கே களிமண்ணும் அதே சுண்ணாம்புக்குப் பசியோடு காத்திருக்கிறது, அதுதான் முதலில் எடுத்துக்கொள்ளும். 4 சதவீத சிமெண்ட் விடும் சிறிதளவு சுண்ணாம்பைக் களிமண் விழுங்கிவிட்டால், சாம்பல் வெறும் பொடியாகவே உள்ளே கிடக்கும். சாம்பல் போட்ட மண்கல் பல இடங்களில் தோற்பதற்கு இதுவே காரணம்.

ஜிஜிபிஎஸ் என்று வணிகர்கள் சொல்வது இரும்பு ஊதுலைக் கசடைத் திடீரென நீரில் குளிரவைத்து அரைத்த தூள். இது பாதி சிமெண்ட் மாதிரி. தானே இறுகும் சத்து உள்ளே இருக்கிறது, ஆனால் தூங்குகிறது. சுண்ணாம்போ கொஞ்சம் சிமெண்டோ தட்டி எழுப்பினால் வேலை செய்யும். இங்கே ஓர் எச்சரிக்கை: ஊதுலைக் கசடு வேறு, எஃகு உருக்கும் உலையின் கசடு வேறு. இரண்டாவதில் வினைபுரியாத சுட்ட சுண்ணாம்பு தங்கியிருக்கும். அது பல மாதம் கழித்து நீரை உறிஞ்சி வீங்கிக் கல்லைப் பிளக்கும். "கசடுத் தூள்தான், விலை குறைவு" என்று யாராவது கொடுத்தால் எந்த உலையிலிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

சாம்பலிலும் அதே கவனம் வேண்டும். உலர் சாம்பல், ஈரச் சாம்பல் என்று இரண்டு வகை விற்பனைக்கு வருகிறது. உலர் சாம்பல் புகைபோக்கிக்கு முன்னால் மின்வடிப்பானில் பிடித்தது. மாவு போல இருக்கும், வினைத்திறன் உள்ளது. ஈரச் சாம்பல் தண்ணீரோடு குட்டையில் கொட்டியது. பரல் பெரிது, அடிச்சாம்பலும் கலந்திருக்கும். அதைப் பிணைப்பானாக எண்ணாமல் மணலுக்குப் பதிலாக எண்ணுங்கள். இந்தியத் தரநிலை 3812 நல்ல சாம்பலுக்குச் சொல்லும் அளவுகளில் இரண்டை மட்டும் பார்த்தால் போதும்: 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எரியாத கரியைக் காட்டும் எரிப்பிழப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நெய்வேலிச் சாம்பலுக்குத் தனிக் குணம் உண்டு. மேட்டூரிலும் வடசென்னையிலும் எரிவது கருப்பு நிலக்கரி, அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல் என்பதால் தானாகவே ஓரளவு இறுகும், உங்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் அதில் கந்தகமும் வரும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வேறு நிலையத்துச் சாம்பலை வைத்து யாரோ செய்த விகிதத்தை நெய்வேலிச் சாம்பலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வையுங்கள்.

பிணைப்பானைத் தொடுவதற்கு முன்னால் மண்ணைப் பார்க்க வேண்டும். மேல்மண்ணை ஒதுக்கிவிடுங்கள். வேரும் மக்கும் உள்ள மண் எந்தப் பிணைப்பானையும் இறுகவிடாது. உங்களுடையது கிணற்று மண் என்பதால் எந்த ஆழத்து மண் எந்தக் குவியலில் கிடக்கிறது என்று வெட்டியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கிணற்றில் பத்தடியில் செம்மண்ணும் இருபதடியில் சுக்கான் கலந்த மண்ணும் வரலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி, சன்னல் திண்ணையில் அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும். அதன் மேல் வண்டல். களிமண் மறுநாள் காலைவரை நீரில் நின்று மெல்ல இறங்கும். மூன்று அடுக்கையும் அளவுகோலால் அளந்தால் முதல் மதிப்பீடு கையில் வந்துவிடும். பாட்டிலில் களிமண் ஊறி உப்பியிருப்பதால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இறுதிக் கணக்குக்கு அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் இந்தியத் தரநிலை 2720-இன்படி சல்லடை, நீர்மானிச் சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு களிமண் இருக்கலாம்? ஆரோவில் மண் கட்டிட நிறுவனம் சிமெண்ட் கலக்கும் மண்ணுக்குச் சொல்லும் அளவு ஏறத்தாழ 15 சதவீதம் சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களிமண். சுண்ணாம்பு கலப்பதென்றால் களிமண் 35 சதவீதம் வரை வரவேற்கத்தக்கது, ஏனெனில் சுண்ணாம்புக்குக் களிமண்தான் துணை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய, கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கான அஸ்திரா குழுவின் வழியில் வந்த ஆய்வுகள், சிமெண்ட் மண்கல்லுக்குக் களிமண் 15 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது என்று காட்டின. நானும் அந்த அளவையே கைக்கொள்கிறேன். உங்கள் செம்மண்ணில் களிமண் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். களிமண் இல்லாத கிரஷர் தூளைச் சரிபாதி சேர்த்தால் 15-க்கு வந்துவிடும். இந்த ஒரு மாற்றம் இரண்டு சதவீத சிமெண்டைவிடப் பெரிய பலன் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மண் கரிசலாக இருந்தால் வழி வேறு. முதலில் சுண்ணாம்பு கலந்து ஒருநாள் மூடிவைத்து, அது உதிரியான பிறகுதான் மற்றதைச் சேர்க்க வேண்டும்.

அடுத்து, களிமண்ணின் சுண்ணாம்புப் பசியை அளக்க வேண்டும். 1966-இல் ஈட்ஸ், கிரிம் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன எளிய சோதனை இதற்கு இன்றும் போதும். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்மண் 25 கிராம் வீதம் ஆறு புட்டிகளில் எடுத்து, 1 முதல் 6 சதவீதம் வரை நீர்த்த சுண்ணாம்பு போட்டு, ஒவ்வொன்றிலும் 100 மில்லி வடிநீர் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்துக் காரத்தன்மையை அளக்க வேண்டும். பிஎச் 12.4-ஐத் தொடும் மிகக் குறைந்த சதவீதம் எதுவோ, அதுவே களிமண்ணின் பசி அடங்கும் அளவு. அதற்கு மேல் போகும் சுண்ணாம்புதான் சாம்பலுக்கும் கசடுக்கும் கிடைக்கும். பிஎச் தாள் வைத்துப் பார்த்தால் இந்த நுணுக்கம் தெரியாது, பிஎச் மீட்டர் வேண்டும். கிரஷர் தூள் கலந்த பிறகு அந்தப் பசி ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு என்ற பெயரில் விற்கும் எல்லாமும் சுண்ணாம்பு அல்ல. மூட்டை பிரிந்து பல மாதம் கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகியிருக்கும். ஒரு கரண்டித் தூளில் வினிகர் ஊற்றுங்கள். பொங்கி நுரைத்தால் அதன் உயிர் போய்விட்டது. நீங்கள் விசாரிக்க வேண்டிய இன்னொரு பொருள் அசிட்டிலீன் வாயு ஆலைகளில் எஞ்சும் கார்பைடு சேறு. அதுவும் பெரும்பாலும் நீர்த்த சுண்ணாம்புதான், விலையும் குறைவு. புதிதாக வந்ததை ஈரத்தோடு மூடிவைத்திருந்தால் அருமையான பொருள்.

இனிக் கணக்கு. ஒரு கனமீட்டருக்கு உலர் அடர்த்தி 1900 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். சதவீதங்கள் எல்லாம் மண்ணும் கிரஷர் தூளும் சேர்ந்த எடைக்கு. முதல் கலவை, இப்போது நீங்கள் போடும் அதே 8 சதவீத சிமெண்டோடு: மண்ணும் கிரஷர் தூளும் சேர்ந்து 1759 கிலோ (தலா 880), சிமெண்ட் 141 கிலோ. இதை ஒப்பீட்டுக் கலவையாகக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் மற்றவை நல்லதா கெட்டதா என்று தெரியாது. இரண்டாவது கலவை: சிமெண்ட் 3, ஜிஜிபிஎஸ் 5 சதவீதம், அதாவது 53 கிலோவும் 88 கிலோவும். மூன்றாவது: சிமெண்டே இல்லாமல் ஜிஜிபிஎஸ் 6, சுண்ணாம்பு 2, அதாவது 106 கிலோவும் 35 கிலோவும். நான்காவது சாம்பலுக்கானது: சிமெண்ட் 4, சுண்ணாம்பு 2, உலர் சாம்பல் 10 சதவீதம். இதில் மண்ணும் தூளும் 1638 கிலோவாகக் குறையும், சிமெண்ட் 66, சுண்ணாம்பு 33, சாம்பல் 164 கிலோ. சாம்பலின் எடை, எடுத்த சிமெண்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதைக் கவனியுங்கள். அதன் ஒரு பகுதி பிணைக்கிறது, ஒரு பகுதி மண்ணின் இடுக்குகளை நிரப்புகிறது. இவை தொடக்கப் புள்ளிகள். சுண்ணாம்புப் பசி 2 சதவீதத்துக்கு மேல் என்று சோதனை காட்டினால் அதற்கேற்பச் சுண்ணாம்பை உயர்த்துங்கள்.

சாதாரண கான்கிரீட் பழகியவர்கள் இங்கே தண்ணீர்-சிமெண்ட் விகிதத்தைத் தேடுவார்கள். அழுத்திச் செய்யும் மண்கலவையில் அந்த விதி பிடிபடாது, ஏனெனில் துளைகள் முழுவதும் தண்ணீரால் நிரம்பியிருப்பதில்லை, காற்றும் இருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் நிலோ கொன்சோலியின் குழு 2007-இல் காட்டியது, வெற்றிடத்துக்கும் பிணைப்பான் கனஅளவுக்கும் உள்ள விகிதமே வலிமையை ஆள்கிறது என்பது. உங்கள் கலவைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். மண்துகளின் ஒப்படர்த்தி 2.65 என்றால், 1900 கிலோ அடர்த்தியில் வெற்றிடம் 28 சதவீதம். அழுத்தம் சரியில்லாமல் 1800-க்கு இறங்கினால் 32 சதவீதம். அந்த நான்கு சதவீத வெற்றிடத்தை ஈடுகட்டக் கூடுதல் பிணைப்பானைக் கொட்ட வேண்டியிருக்கும். அடர்த்தியை அச்சு தருகிறது, சிமெண்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆகவே 24 க்கு 24 க்கு 9 சென்டிமீட்டர் அச்சானால், ஒவ்வொரு கல்லுக்கும் கலவையைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். உலர் எடை 9.85 கிலோ, 12 சதவீத ஈரத்தோடு 11 கிலோ. கைக்கணக்கில் அள்ளிப் போட்டால் ஒரு கல் 10.4, அடுத்தது 11.2 என்று ஓடும், வலிமையும் அதற்கேற்ப ஆடும்.

எந்த ஈரத்தில் உச்ச அடர்த்தி வரும் என்று காட்டும் பிராக்டர் சோதனையை ஒவ்வொரு கலவைக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். சாம்பல் சேர்ந்தால் உச்ச அடர்த்தி குறையும், தேவையான ஈரம் கூடும். சாம்பல் எடை குறைந்த பொருள் என்பதே அடர்த்திக் குறைவுக்குப் பெரும் காரணம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தண்ணீரைக் கணக்கிடும்போது குவியலில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தைக் கழியுங்கள். 1900 கிலோவுக்கு 12 சதவீதம் என்றால் 228 லிட்டர். மண்ணில் 5 சதவீத ஈரம் இருந்தால் 44 லிட்டர் அதிலேயே வந்துவிட்டது. ஆகவே ஊற்ற வேண்டியது 184. களத்தில் ஒரு கைப்பிடிக் கலவையை உருண்டையாகப் பிடித்து இடுப்பளவு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விடுங்கள். நாலைந்து கட்டியாக உடைந்தால் ஈரம் சரி. பொடியாகச் சிதறினால் போதவில்லை, அப்பளம்போல் தட்டையானால் மிகுதி.

ஈரம் பட்ட சிமெண்ட் கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அழுத்தினால் உருவாகத் தொடங்கிய பிணைப்பையே உடைக்கிறீர்கள். கசடும் சுண்ணாம்பும் மட்டும் உள்ள கலவை இன்னும் தாராளமாக நேரம் கொடுக்கும். ஆள் குறைவாக உள்ள சிறு களத்துக்கு அது பெரிய வசதி.

இப்போது நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கடலோரக் கிராமம் ஒன்றில் சுற்றுச்சுவருக்குச் சாம்பல் கலந்த மண்கல் செய்தோம். பங்குனி வெயில். ஏழாம் நாள் உலர்ந்த கல்லை நசுக்கிப் பார்த்தபோது எதிர்பார்த்ததைவிட நல்ல எண் வந்தது. ஐந்து நாள் தண்ணீர் தெளித்ததோடு நிறுத்திவிட்டு அடுக்கிக் கட்டினோம். ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், தரையை ஒட்டிய இரண்டு வரிசைக் கற்களின் முகம் உதிர்ந்து கிடந்தது. ஆணியால் கீறினால் வெண்ணெயில் கோடு போட்டதுபோல் இறங்கியது. கூட வந்த மூத்த கொத்தனார் ஒரு கல்லைக் கையில் எடுத்து விரல்நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "கல் காய்ந்திருக்கிறது ஐயா, இறுகவில்லை" என்றார். நான் அளந்த வலிமை உலர்ந்த களிமண்ணின் வலிமை. பிணைப்பானின் வலிமையை நான் அளக்கவே இல்லை. சாம்பலின் வினை தொடங்குவதற்குள் ஈரம் போய்விட்டது. ஈரம் போன இடத்தில் அந்த வினை நின்றுவிடும்.

அன்றிலிருந்து இரண்டு வழக்கத்தை விடாமல் கடைப்பிடிக்கிறேன். ஒன்று, சாம்பலோ கசடோ உள்ள கல்லை 28 நாள் ஈரம் காப்பது. தண்ணீர் ஊற்றுவதைவிட முக்கியம் ஈரம் வெளியேறாமல் மூடுவது. முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாகப் போர்த்தி, பிறகு வைக்கோல் பரப்பித் தெளித்துவர வேண்டும். நம் ஊர் வெப்பம் இங்கே உண்மையில் துணை. குளிர்நாடுகளில் இந்த வினை மாதக்கணக்கில் இழுக்கும். வெப்பம் இருக்க, ஈரத்தையும் வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். மற்றொன்று, நீரில் ஊறவைக்காமல் எந்தக் கல்லையும் நசுக்குவதில்லை.

கந்தகத்துக்கு வருகிறேன். விசாகப்பட்டினத்தில் பானுமதிதாஸும் காளிதாஸும் உருவாக்கிய ஃபால்-ஜி முறையில் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றும் சேர்ந்து நல்ல செங்கல் தருகின்றன. அதைப் பார்த்துவிட்டு மண்கலவையிலும் ஜிப்சம் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். களிமண் இருக்கும் இடத்தில் வேண்டாம். களிமண்ணின் அலுமினா, சுண்ணாம்பு, சல்பேட், தண்ணீர் நான்கும் கூடினால் எட்ரிங்கைட் என்ற ஊசிப்படிகம் வளரும். கல் இறுகிய பிறகு அது வளர்ந்தால் உள்ளிருந்து பிளக்கும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகர ஸ்டூவர்ட் அவென்யூவில் சுண்ணாம்பால் உறுதிப்படுத்திய சாலை இப்படித்தான் மேலெழும்பி உடைந்தது. மண் பொறியியல் அறிஞர் ஜேம்ஸ் மிட்செல் 1986-இல் அதை விரிவாக எடுத்துச் சொன்ன பிறகுதான் துறை முழுவதும் விழித்தது. இங்கிலாந்தின் எம்40 நெடுஞ்சாலையிலும் அதே கதை. சுண்ணாம்பில் ஒரு பகுதியை ஊதுலைக் கசடால் மாற்றினால் இந்த வீக்கம் பெரிதும் அடங்கும் என்பது அதன் பின் வந்த ஆய்வுகளின் நல்ல பயன். நெய்வேலிச் சாம்பலோ, உப்பங்கழி ஓரத்து மண்ணோ, உவர்நீரோ கையில் இருந்தால் முதலில் சல்பேட் அளவைச் சோதியுங்கள். அது மிகுந்திருந்தால் மூன்றாவது கலவையையே முன்னிறுத்துங்கள்.

எவ்வளவு வலிமை தேவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தரைத்தள வீட்டில், 24 சென்டிமீட்டர் தடிப்புள்ள, 3 மீட்டர் உயரச் சுவரின் அடியில் கூரைத் தளத்தோடு சேர்த்து வரும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 0.1 நியூட்டன்தான். கட்டுவேலைக்கான பாதுகாப்புக் காரணிகளைச் சேர்த்தாலும் சுமையால் கல் நொறுங்குவது அரிது. மண்கல்லைக் கொல்வது தண்ணீர்தான். எனவே உச்ச வலிமையைத் துரத்த வேண்டாம், நனைந்த பின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மண்-சிமெண்ட் முறையாக முதலில் நிலைபெற்றது 1935-இல் தென் கரோலினாவின் ஜான்சன்வில் அருகே போட்ட சாலையில். அந்த மரபிலிருந்து வந்த சோதனைதான் ஈர-உலர் சுழற்சி: 5 மணி நேரம் நீரில், 42 மணி நேரம் 71 டிகிரி அடுப்பில், பிறகு கம்பித் தூரிகையால் துலக்கல், இப்படி 12 முறை. எடை இழப்பு மணற்பாங்கான மண்ணுக்கு 14 சதவீதத்துக்குள், களிமண் மிகுந்ததற்கு 7-க்குள் நிற்க வேண்டும். இந்தியத் தரநிலை 4332-இலும் இந்தச் சோதனை இருக்கிறது.

உங்கள் களத்தில் செய்ய வேண்டியது இது. நான்கு கலவையிலும் தலா 18 கல் எடுத்து, எண்ணும் தேதியும் கரியால் எழுதி, 28 நாள் மூடிவையுங்கள். 28-ஆம் நாள் கலவைக்கு மூன்று கல்லை உலரவைத்தும், மூன்று கல்லை ஒருநாள் முழுக்க நீரில் ஊறவைத்தும் நசுக்குங்கள். நனைந்த வலிமை உலர்ந்ததில் பாதிக்குக் கீழே போனால் அந்தக் கலவைக்குச் சுண்ணாம்போ நாளோ போதவில்லை. சுண்ணாம்பை ஒரு சதவீதம் கூட்டி மறுபடி செய்யுங்கள். 56-ஆம் நாள் இன்னும் ஆறு கல்லை அதே முறையில் பாருங்கள். சாம்பல் கலவை அந்த இடைவெளியில் ஒப்பீட்டுக் கலவையை எட்டிப் பிடிக்கிறதா என்பது அப்போது தெரியும். மீதி ஆறில் மூன்றை ஈர-உலர் சுழற்சிக்கு அனுப்புங்கள். கடைசி மூன்றைக் கூரை நீர் சொட்டும் இடத்தில் வெறும் தரைமேல் வைத்து, ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையையும் வாங்கவிடுங்கள். சுவர் வேலையை அதன் பிறகு தொடங்கலாம்.